வீட்டிலிருந்தே சமூகப்பணி படிக்கலாமா?

(பிப்ரவரி 2026 மாதாந்திரக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் பலர் கேட்டதால் ஏறத்தாழ முழுமையாகவே வெளியிடுகிறோம்.)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 'ஹியூமன் சர்வீசஸ் படியுங்கள், முழுக்க ஆன்லைன், வீட்டை விட்டு வெளியே வராமலேயே டிகிரி, கைநிறையச் சம்பளம்' என்று போட்டிருந்தது. பகிர்ந்தவர் நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கேள்விகள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்கள், பி.காம். முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள், ஓய்வுபெற்ற இரண்டு பேர். செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டு, "மேடம், நீங்க அதைத்தானே படிச்சீங்க, ஒரு பத்து நிமிஷம் பேசிடுங்க" என்றார். பத்து நிமிடத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். காபியும் வடையும் எட்டரைக்குத்தான் வருமாம். அதனால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

முதலில் பெயர். ஹியூமன் சர்வீசஸ் என்பது அமெரிக்காவில் புழங்கும் பெயர். குழந்தைகள் பாதுகாப்பு, முதியோர் பராமரிப்பு, போதையிலிருந்து மீட்பு, வீடற்றவர்களுக்கு உதவி எல்லாவற்றையும் சேர்த்து அங்கே அப்படிச் சொல்வார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வேலை விளம்பரம் தேடினால் அதிகம் கிடைக்காது. இங்கே அதற்குப் பெயர் சமூகப்பணி. பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. என்பவைதான் இங்கே கேட்கப்படும் படிப்புகள். இது புதிதாக முளைத்த படிப்பும் இல்லை. மும்பையில் டாட்டா நிறுவனம் 1936-லேயே தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியில் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. எழும்பூர் காசா மேஜர் சாலையில் போகிறவர்கள் போர்டைப் பார்த்திருப்பீர்கள்.

சமூக சேவை வேறு, சமூகப்பணி வேறு. வெள்ளம் வந்தபோது நாமெல்லாம் சேர்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினோமே, அது சேவை. அதற்கு யாரும் டிகிரி வாங்க வேண்டாம். பொட்டலம் வாங்க வராத வீட்டில் என்ன நடக்கிறது, ஏன் வரவில்லை, அவர்களுக்கு எந்தச் சட்டத்தில் எந்த அலுவலகத்தில் என்ன உரிமை இருக்கிறது என்று பார்த்து, அவர்களே அதைப் பெறும் வரை கூட நிற்பது பணி. அதற்குத்தான் படிப்பு.

நான் இதற்குள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடம் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது, வேலையை விட்டேன். மருத்துவமனையில் டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் ஸ்கேனைப் பற்றிப் பேசினார்கள். நாலாவது நாள், கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். மாமியாரிடம் நேராக, "பாட்டி, வீட்டுக்குப் போனதும் எந்த ரூம்ல இருக்க ஆசைப்படறீங்க?" என்று கேட்டாள். பேச்சு குழறியவர், பால்கனி என்று கையைக் காட்டினார். அதுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை, நானும்தான். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களை யார் பாத்துக்கறாங்க?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாமியார் போன பிறகு, 41 வயதில் இக்னோவில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தேன். 2016 ஜூலை சேர்க்கை. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சேரலாம், என்னுடையது பி.காம். வயது வரம்பு கிடையாது. இரண்டு வருடப் படிப்பு, நான்கு வருடத்துக்குள் முடிக்கலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். பாடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான், தமிழில் கிடையாது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிப் பழக்கமில்லாத எனக்கு முதல் ஆறு மாதம் அதுவே பெரும்பாடு. காலை நாலரைக்கு எழுந்து, குக்கர் மூன்று விசில் வருவதற்குள் இரண்டு பக்கம். இப்படித்தான் ஓடியது.

நான் இரண்டு வருடத்தில் முடிக்கவில்லை. மூன்றரை வருடம் ஆனது. ஏன் என்று இதுவரை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன், ஏனென்றால் அந்த விளம்பரத்தில் இருந்த 'வீட்டை விட்டு வெளியே வராமலேயே' என்ற வார்த்தைக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

எம்.எஸ்.டபிள்யூ.வில் பாதி உயிர் களப்பணி. ஒரு நிறுவனத்தோடு இணைந்து, ஒரு மேற்பார்வையாளரின் கீழ், நேரில் போய் வேலை செய்து, போன ஒவ்வொரு நாளுக்கும் களப்பணிக் குறிப்பேடு எழுத வேண்டும். அஞ்சல் வழியில் படித்தாலும் இதற்கு விலக்கு கிடையாது. எனக்குக் கிடைத்த இடம், ஆற்றோரத்தில் இருந்த குடும்பங்களை நகரத்துக்கு வெளியே கொண்டுவந்து குடியமர்த்திய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே ஒரு தொண்டு நிறுவனம் மாலை நேரப் படிப்பகம் நடத்தியது. வாரத்துக்கு இரண்டு நாள் போக வேண்டும். இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.

முதல் மாதம் ஒழுங்காகப் போனேன். இரண்டாம் மாதம் மகளுக்குத் தேர்வு, கணவருக்கு டூர், வீட்டில் வேலைக்கு வருகிற அம்மா லீவு. நான்கு நாள் போகவில்லை. குறிப்பேட்டில் மட்டும் எழுதினேன். 'இன்று பன்னிரண்டு குழந்தைகள் வந்தார்கள், கை கழுவுவது பற்றிப் பேசினேன்' என்று அழகாகத் தேதி போட்டு எழுதினேன். பாடப்புத்தகம் கையில் இருக்கிறதே, எழுத என்ன கஷ்டம்?

மேற்பார்வையாளர் வயதான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். "ஏம்மா, இந்த ஞாயித்துக்கிழமை அங்க அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்களே, சென்டரே திறக்கலையே?" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து அந்த நான்கு பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டார். "மிச்சப் பக்கத்தையும் நான் நம்பறதுக்கு வழியில்லாம பண்ணிட்டீங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றார். ஒரு மாத உழைப்பும் போனது, அந்தப் பருவமும் போனது. கோபத்தில் படிப்பையே விட்டுவிடலாம் என்று இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கணவர்தான், "தப்பு உன் பேர்லதானே, போ" என்றார்.

திரும்பப் போனபோது நடந்ததுதான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒரு பெண், பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பில் இருக்க வேண்டியவள், பள்ளிக்கே போகவில்லை. நான் அவள் அம்மாவைப் பார்த்து, பெண் படிப்பின் முக்கியத்துவம் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர் தலையாட்டினார். 'தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். உண்மையாகவே போய்ப் பேசியதுதான், அதனால் நிமிர்ந்து நீட்டினேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு ஏன் போகலைன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

மறுபடி போனேன். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை அந்த அம்மா வேலையிலிருந்து வரும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் தடவைதான் விஷயம் வந்தது. "டி.சி. இல்லக்கா. பழைய ஸ்கூலுக்கு ரெண்டு தடவ போனேன், அப்புறம் வான்னு அனுப்பிட்டாங்க. ஒரு நாள் போனா அன்னிக்குக் கூலி போயிடும். டி.சி. இல்லாம இங்க எவன் சேப்பான்?" அவ்வளவுதான் காரணம். படிப்பின் முக்கியத்துவம் அந்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு மாதம் முன்புதான் இதே சட்டத்தைப் பற்றி நான்கு பக்கம் அசைன்மென்ட் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். 5-வது பிரிவும் அதில் இருந்தது. அது படிக்கட்டில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவே இல்லை. அந்தப் பிரிவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த அம்மாவோடு பக்கத்துப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வகுப்பறையில் படித்தவர்களைவிட நான் குறைவாகப் படித்ததாகவும் நினைக்கவில்லை. ஆனால் களப்பணியை வீட்டிலிருந்து செய்ய முடியாது. களப்பணியே இல்லாமல் ஒருவர் எம்.எஸ்.டபிள்யூ. தருகிறேன் என்றாலோ, 'கையெழுத்து நாங்க பாத்துக்கறோம் மேடம்' என்றாலோ, அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

இனி ஏமாறாமல் இருப்பது பற்றி. டி பிளாக்கில் ஒரு தங்கை, அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன், 65,000 ரூபாய் கட்டி ஒரு 'படிப்பு மையம்' வழியாகச் சேர்ந்தார். வேறு மாநிலப் பல்கலைக்கழகம், உண்மையான பல்கலைக்கழகம்தான். பட்டமும் வந்தது. அரசு ஒப்பந்த வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு வரை போய், சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு அந்தப் பாடத்தைத் தொலைநிலையில் நடத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இல்லை. நடுவில் இருந்த மையமோ வெறும் ஏஜென்ட். இப்படி வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டு நடத்துவதை யு.ஜி.சி. அனுமதிப்பதே இல்லை. பல்கலைக்கழகம் உண்மையானதா என்று அவர் பார்த்தார். அந்தப் பாடத்துக்கு, அந்த ஆண்டுக்கு, அந்த முறையில் அனுமதி உண்டா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அனுமதிப் பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு நடத்தும் இணையதளத்தில் இருக்கிறது. தொலைநிலை என்பது ஒரு முறை, ஆன்லைன் என்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி. நீங்கள் சேரும் பருவத்துக்கான பட்டியலில், நீங்கள் சேரும் முறையில், உங்கள் பாடத்தின் பெயர் இருக்க வேண்டும். இப்போது இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர நினைப்பவர்கள் அந்தத் தளத்திலேயே பதிந்து 'டெப் ஐடி' என்ற ஓர் எண் வாங்கியாக வேண்டும். அந்த எண்ணைக் கேட்காமலேயே பணம் கேட்கிறார்கள் என்றால் உஷாராகிவிடுங்கள்.

அனுமதியோடு படித்த தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. இருந்தாலும் சில வேலை விளம்பரங்களில் 'ரெகுலர்' என்று போடுகிறார்கள். வாதாடலாம், ஆனால் வாதாடி முடிப்பதற்குள் வேலை வேறு ஒருவருக்குப் போயிருக்கும்.

கவுன்சலிங் ஆசையில் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். விளம்பரத்துக்குக் கீழே கேட்டவர்களில் பாதிப் பேர் சைக்காலஜி பற்றித்தான் கேட்டிருந்தார்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று 2021-ல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது, அதன் கீழ் வரும் படிப்புகளுக்கெல்லாம் இந்தத் தடை. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர், சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் என்ற பெயர்களும் இருக்கின்றன. மனநல மருத்துவமனையில் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் ஆக வேண்டுமென்றால், 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.பில். பயிற்சி வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அந்தப் பயிற்சி உண்டு. ஆகவே ஆஸ்பத்திரிதான் உங்கள் கனவு என்றால், வயதும் வசதியும் இருக்கிற பிள்ளைகள் கல்லூரிக்கே போய்ப் படியுங்கள். என் மாமியாரிடம் பேசிய அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் நான் இதற்கு வந்தேன். இன்றைக்கு ஒருவர் அந்த வேலைக்கே வீட்டிலிருந்து படித்துப் போகிறேன் என்றால், நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

மற்றபடி வேலைகள் இருக்கின்றன. மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர், களப்பணியாளர் என்று பல பணியிடங்கள். 1098 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்குப் பின்னால் ஓடுகிறவர்களும் இந்த வகையினர்தான். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒன் ஸ்டாப் சென்டர், 181 உதவி எண். போக்சோ வழக்குகளில் குழந்தையோடும் குடும்பத்தோடும் வழக்கு முடியும் வரை கூட நிற்கும் ஆதரவு நபர். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் சொல்வதால், அந்தப் பணம் எங்கே எப்படிச் செலவாகிறது என்று பார்க்க ஆட்கள் தேவைப்படுகிறார்கள். சம்பளம் கொஞ்சம் நன்றாக இருப்பது அங்கேதான். தொழிற்சாலைகளில் நல அலுவலர் என்ற பதவி புதிதல்ல. 500 தொழிலாளர் இருந்தால் ஒருவர் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது.

ஓய்வுபெற்ற இருவரும் கேட்டிருந்தீர்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும். அதில் வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் கட்டாயம். குழந்தைகள் நலக் குழுவிலும் உறுப்பினர் பதவிகள் உண்டு. உரிய பாடத்தில் பட்டமும், குழந்தைகளின் நலத்திலோ கல்வியிலோ ஏழு வருட அனுபவமும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், அப்படி இருப்பவர்கள் புதிதாக டிகிரி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ரயில்வேயில் பள்ளி ஆசிரியையாக இருந்த சி பிளாக் மாமி இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள் மாமி, உங்களைத்தான் சொல்கிறேன்.

சம்பளம். விளம்பரத்தில் போட்டிருந்த 'கைநிறைய' பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு வேலையை விட்டபோது நான் வாங்கியது 38,000. 2020-ல் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துச் சேர்ந்த முதல் வேலையில் 13,500. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் தொகுப்பூதியம், வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். ஆறு வருடம் கழித்து இன்றைக்கு 31,000 வாங்குகிறேன், இன்னும் பழைய இடத்துக்கு வந்து சேரவில்லை. வீட்டுக் கடன் உங்கள் ஒருவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்றால், இருக்கிற வேலையை விட்டுவிட்டு இதற்கு வராதீர்கள். வேலையில் இருந்துகொண்டே படியுங்கள், அதற்குத்தானே தொலைநிலை. ஆனால் களப்பணி நாட்களுக்கு லீவு கிடைக்குமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கவும் வழி இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக்கட்டணம். சமூகப்பணி தொடர்பான ஒரு பாடத்தை எடுத்து மூன்று மாதம் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். அதோடு ஒரு முதியோர் இல்லத்துக்கோ படிப்பகத்துக்கோ வாரம் ஒருநாள் போய்ப் பாருங்கள். மூன்றாவது வாரமும் போகத் தோன்றினால் சேருங்கள். பேச்சுத் திறமை இருக்கிறது, எல்லாரும் என்கிட்ட மனசுவிட்டுப் பேசுவாங்க, அதனால் எனக்குச் சரிப்படும் என்று பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேச வருகிறதா என்பதைவிட, வாயை மூடிக்கொண்டு படிக்கட்டில் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

இப்போது நான் வேலை பார்ப்பது தனியாக இருக்கும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு அமைப்பில். அங்கே தினமும் பயன்படும் இரண்டு விஷயங்களை, படிக்க ஆசை இல்லாதவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவி எண் 14567. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பிறகு கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தில் கேட்க 23-வது பிரிவு வழி தருகிறது. ஆனால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது முக்கியம். பையன் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கும்போதுதான் சண்டையில்லாமல் எழுத முடியும்.

கடைசியாக, நான் இன்றைக்குப் பேச ஒத்துக்கொண்டதற்கான காரணம்.

டிசம்பரில் சி பிளாக்கில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தார். காலையில் கதவில் இரண்டு நாள் பால் பாக்கெட் தொங்குவதைப் பார்த்து வாட்ச்மேன் சொன்னதால்தான் நமக்குத் தெரிந்தது. இரண்டு நாள் பால் பாக்கெட். அதே மாடியில் ஐந்து வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு நான் வாரம் இரண்டு தடவை யோகா வகுப்புக்காகப் போகிறேன். ஊரெல்லாம் முதியவர்களைத் தேடிப் போகிறவள் நான், அந்தக் கதவைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். சார் இப்போது மகள் வீட்டில் நலமாக இருக்கிறார்.

நம் 212 வீடுகளில் முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் 29 என்று கமிட்டி கணக்கு எடுத்திருக்கிறது. சமூகப்பணி படிக்கும் மாணவர்களோ களப்பணிக்கு இடம் கிடைக்காமல் அலைகிறார்கள், தொலைநிலையில் படிப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். நம் சங்கமே ஏன் ஒரு களப்பணி இடமாக இருக்கக் கூடாது? முறையாகப் பதிவான சங்கம்தானே நாம்? இரண்டு மாணவர்கள், வாரத்துக்கு இரண்டு நாள், ஜூலையிலிருந்து மார்ச் வரை. விருப்பமுள்ள வீடுகளுக்கு மட்டும் போவார்கள். யாருக்கு என்ன மருந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், உதவித்தொகை ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் செக்யூரிட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களில் எத்தனை பேர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. மேற்பார்வைக்குத் தகுதி உள்ளவள் நான், சம்பளம் இல்லாமல் செய்கிறேன். சங்கம் தர வேண்டியது அலுவலகத்தில் ஒரு மேசை, பூட்டு உள்ள ஓர் அலமாரி, கல்வி நிறுவனத்துக்கு ஒரு ஒப்புதல் கடிதம். போட்டோ எடுத்துக் குரூப்பில் போடக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை.

முன்பின் தெரியாத பசங்களை வீட்டுக்குள் விடுவதா என்று சிலர் ஏற்கெனவே என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதல் மாதம் நான் கூடவே போவேன். அடையாள அட்டை இருக்கும், எந்த வீட்டுக்கு எந்த நேரம் போனார்கள் என்ற நோட்டு கேட்டில் இருக்கும். அந்த நோட்டில் பொய் எழுதினால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு வைப்பதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். படிப்பில் சேர நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பூங்கா பக்கம் வாருங்கள். டிகிரி சான்றிதழ், ஆதார், அந்த எண்ணோடு இணைந்த போன் மூன்றும் கையில் இருக்கட்டும், அங்கேயே பட்டியலைப் பார்த்துவிடலாம். வடை வந்துவிட்டது போலிருக்கிறது.

(உரைக்குப் பிறகு 'வேலைக்குப் போகாமல், வெறுமனே தெரிந்துகொள்வதற்காகப் படிக்கலாமா?' என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 'தாராளமாக, ஆனால் அதற்கு ஸ்வயம் போதும், கட்டணம் கட்ட வேண்டாம்' என்பது பதில். களப்பணித் திட்டம் பற்றிய ஆட்சேபங்கள் இருந்தால் மார்ச் 20-க்குள் சங்க அலுவலகத்தில் எழுத்து மூலம் தரலாம்.)